ஏழு போத்தல்கள்

வின்னிபெக்கில் டிசம்பர்.
நாலரைக்கே வெளிச்சம்
கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறது.
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
குளிக்காமல் நிற்கிறேன்.

என்ன வருத்தம் என்று கேட்கிறார்கள்.
காய்ச்சலா? இல்லை. பிரஷரா? இல்லை.
வெறும் வருத்தம்.
நோய்க்கும் கவலைக்கும் ஒரே சொல்லை வைத்த ஊர்க்காரி நான்.
அதைச் சொன்னால்
அது சரி, ஆனால் என்ன வருத்தம் என்கிறார்கள்.

பாரிஸிலிருந்து வதனா மச்சாள்
அமுக்கராக் கிழங்குத் தூள் அனுப்பினாள்,
மூன்று போத்தல், பாலில் கரைக்கச் சொல்லி.
நகுலேசன் மீனெண்ணெய் வாங்கி வந்தார்,
விட்டமின் டி வாங்கி வந்தார்,
ஏதோ ஒரு மக்னீசியம்.
ஏழாவது போத்தல் நானே வாங்கினது.
மஞ்சள் பூ. சென் ஜோன்ஸ் வோர்ட்.
அண்ணா படித்த பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பெயர்தான்.
அங்கே போனால் ஆள் தேறிவிடுவான் என்று
அப்போதும் எல்லாரும் சொன்னார்கள்.

சீனி நிறுத்தம். பாண் நிறுத்தம்.
காலையில் குரக்கன் புட்டு,
மத்தியானம் உறைந்த கீரை,
இரவு சூடை மீன் டின்.
டொரோண்டோவிலிருந்து வந்த வல்லாரை
வழியிலேயே பாதி கறுத்துப்போயிருந்தது,
மிச்சத்தைச் சம்பல் அரைத்தேன்.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
நகுலேசன் ஒரு கட்டம் போட்டு ஒட்டினார்:
இன்றைய மனம், பத்துக்கு எத்தனை?
மூன்று. மூன்று. நாலு.
அவர் முகத்தைப் பார்த்து
ஐந்து.

ஒருவருக்கும் சொல்லாதது ஒன்று உண்டு.
நவம்பரிலேயே டொக்டர் எழுதித் தந்த
சின்ன வெள்ளைக் குளிசை.
பனிச்சப்பாத்துக்குள், காலுறைக்கு அடியில்.
விசர்க் குளிசை என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று.
டொக்டருக்கு மஞ்சள் பூவைச் சொல்லவில்லை,
அது மருந்தில்லை, பூத்தானே என்று.
வீட்டுக்கு ஒரு பொய், ஆஸ்பத்திரிக்கு ஒரு பொய்,
இரண்டையும் வெறும் வயிற்றில்.

ஜனவரியில் கை நடுங்கியது.
வெளியே சைபருக்குக் கீழே இருபத்தெட்டு,
பஸ் தரிப்பில் நான் மட்டும் வியர்த்துக்கொண்டு நின்றேன்.
நெஞ்சு, பூட்டிய அறைக்குள் குருவி.
நல்லது, வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மருந்துக்கடை ஒக்சானா
வேறு என்ன எடுக்கிறாய் என்றாள்.
எல்லாரும் கேட்கிற கேள்விதான்,
ஆனால் பதில் வரும்வரை அவள் நிமிர்ந்தே இருந்தாள்.
கைப்பையைக் கவிழ்த்தேன்.
மேசையில் உருண்டு நின்றன ஏழும்,
பிறகு எட்டாவதும்.
மஞ்சள் பூவை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
அவள் அங்கேயே டொக்டருக்குப் போன் எடுத்தாள்.
அவள் சொன்னதில் எனக்கு விளங்கினது இவ்வளவு:
ஒரே அடுப்புக்கு இரண்டு பேர்
ஒருவருக்கொருவர் தெரியாமல் விறகு வைத்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரமே டொக்டர் பார்த்தார்.
இரவு நகுலேசன் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு
கனநேரம் பேசாமல் இருந்தார்.
"கால் நனைந்திருக்குமே, இதை வைத்துக்கொண்டு" என்றார் கடைசியில்.
அதற்கு ஏன் அழுதேன் என்று தெரியாது.
வெள்ளைக் குளிசை இப்போது
தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் வந்தது. ஆறு இன்னும் கல்லுத்தான்.
எது கேட்டது என்று என்னைக் கேட்கவேண்டாம்.
குளிசையா, மீனெண்ணெயா,
ஆறரை வரைக்கும் போகாமல் நிற்கிற வெயிலா,
சப்பாத்து காலியானதா.
தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி திரும்பிவிட்டது,
அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

வியாழன் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.
சாப்பாட்டு மேசையில் நகுலேசன்
பேனையோடு திரும்பி, இன்றைக்கு எத்தனை என்றார்.
வல்லாரைச் சம்பலை
இன்னொருக்கால் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்புக் காணாது, என்றேன்.